நூறாம் நம்பர் ரூல்

பிள்ளையார்பாளையத்து முனையிலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டார் ஓட்டுநர். உள்ளே முழங்கால் தண்ணீர் நிற்கிறது, வண்டி அணைந்துபோனால் நீங்களா தள்ளுவீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சுகாசினி லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

மணி நாலுதான் ஆகியிருந்தது. அதற்குள் தெருவிளக்கைப் போட்டிருந்தார்கள். ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் எந்த வீட்டிலும் தறி ஓடவில்லை. ஈரக் காற்றில் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நெய்கிறவர் கால் தொங்கப்போடும் தறிப் பள்ளத்தில் தண்ணீர் ஊறும், நெய்கிறவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். மற்ற நாள்களில் இந்தத் தெருவில் நின்று போன் பேச முடியாது, அத்தனை சத்தம். இன்றைக்கு அவள் நடக்கும் சலசலப்பு அவளுக்கே கேட்டது.

அவள் போய்க்கொண்டிருந்தது சபாபதி வீட்டுக்கு. சுற்றுத் தெருக்களின் நெசவு வீடுகள் சில சேர்ந்து நடத்தும் டிசைன் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பார்டர், முந்தி, புட்டா எல்லாம் இந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கோப்புகள். அந்தக் கோப்புகளைத் தூரத்து ஊர் ஒன்றில், கிளவுடில், வாடகைக்கு எடுத்த சர்வரில் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டுக்கும் சாவிக்கும் பொறுப்பு சுகாசினி.

பொறுப்பு என்றால் பழியும் அதோடு சேர்ந்துதானே வரும். போன ஆவணி முகூர்த்தத்துக்கு நெய்த புது டிசைன்கள், சேலை கடைக்குப் போய்ச் சேருமுன்பே எங்கோ விசைத்தறியில் பாதி விலைக்கு வந்துவிட்டன. யாரோ உள்ளிருந்து கொடுத்திருக்கிறார்கள். யார் என்று ஊர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. முசரவாக்கத்துக் காலனிப் பெண்ணைப் பட்டு வீட்டுக்குள் விட்டால் வேறென்ன நடக்கும் என்றது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் அதைச் சற்று நாகரிகமாகச் சொன்னார். சபாபதி எழுந்து, “அந்தப் பொண்ணு மேல விழுற பழி என் மேல விழுந்ததா வெச்சிக்குங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெளியே வாசலில் நின்றிருந்த சுகாசினி அதைக் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. பழியைவிட அந்த நம்பிக்கை பெரிய பாரமாக இருந்தது.

அதற்காகத்தான் போன வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். சர்வரின் காவலை யார் தொட்டாலும், எந்தக் கோப்பு வெளியே போனாலும், செய்தவர் பெயர் அந்த நிமிடமே சபாபதியின் போனுக்குப் போகும்படி கட்டிவைத்தாள். இனி திருடன் யாரென்று அவருக்கே தெரிந்துவிடும். தன் பெயர் தானாகத் துலங்கும்.

கதவைத் திறந்தவள் சபாபதியின் மகள் கீர்த்தி.

“இன்னாடி, படகுல வந்தியா?”

“நீந்தி வந்தேன். துண்டு குடு.”

“அப்பாவும் அம்மாவும் மாகறல் போயிருக்காங்க. அம்மாவுக்கு இடுப்பு வலி உட்டபாடு இல்ல, கோயிலுக்குப் போனா சரியாப் போவும்னு. வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள முடிச்சிடலாம், வா.”

இருவரும் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ். கீர்த்தியின் அண்ணன் தினகரன்தான் சங்கத்துக்கு முதன்முதலில் சர்வர் கட்டியவன். தங்கையின் சிநேகிதியை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பாப்பா என்பான். இரண்டு வருஷத்துக்கு முன் தாமல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே உபரித் தண்ணீர் ஓடியபோது வேடிக்கை பார்க்கப் போனவன், பாசியில் கால் வழுக்கித் தண்ணீரோடு போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த மறுநாள் கீர்த்தி சென்னைக்குப் போன் செய்தாள். அண்ணன் வெச்சிட்டுப் போனத எனக்குப் பார்த்துக்கத் தெரியலடி, நீ வந்தாத்தான் உண்டு என்று அழுதாள். சுகாசினி நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தாள். சிநேகிதி அழுதால் வேறென்ன செய்வது?

கீழ்க்கூடத்தில் தறிகள் இருட்டில் நின்றன. மாடிப்படியை ஒட்டியிருந்தது தினகரனுடையது. இப்போது அதில் முனுசாமி நெய்கிறார், மழைக்கு அவரும் வரவில்லை. ஈரப் பட்டும் கஞ்சியும் கலந்த வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. சேறும் பாசியும் போல.

“பள்ளத்துல தண்ணி ஊறிடுச்சா?”

“எந்த வருஷம் ஊறல?” என்று சொல்லிக்கொண்டே கீர்த்தி படியேறினாள்.

சர்வரின் காவலைத் தொட வேண்டுமென்றால் இந்த வீட்டு மாடியறை இணைப்பிலிருந்து மட்டும்தான் முடியும். தினகரன் வைத்த வழக்கம் அது, சுகாசினியும் மாற்றவில்லை. அதனால்தான் இந்த மழையிலும் வர வேண்டியிருந்தது. தை முகூர்த்தத்துக்கான டிசைன்களைப் புதிய சர்வருக்கு மாற்றியாகிவிட்டது. வாசலைச் சரிபார்ப்பது பாக்கி, அதை இன்றைக்கே முடித்துவிடலாம் என்று கீர்த்திதான் கூப்பிட்டிருந்தாள்.

இந்த வாசல் விஷயத்தைச் சபாபதிக்கு அவள் ஒருமுறை விளக்கியிருக்கிறாள். சர்வர் என்பது பல வாசல் வைத்த வீடு. அதற்குக் காவலாக ரூல்கள், வரிசையாக நிற்கும் காவல்காரர்கள் போல. ஒவ்வொரு ரூலும் யார் வருகிறார்கள், எங்கே போகிறார்கள், எந்த வாசல் என்று பார்த்து விடும் அல்லது மறுக்கும். ஒரே ஆளுக்கு ஒரு வாசலை அடைத்து மற்றதைத் திறந்தும் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். சின்ன நம்பர்காரர் முன்னால் நிற்பார், அவர் சொன்னதுதான் முடிவு, பின்னால் நிற்பவரைக் கேட்கவே மாட்டார்கள். இருப்பதிலேயே சின்ன நம்பர் நூறு. அதற்கு முன்னால் யாரும் நிற்க முடியாது.

“அப்போ நூறுல நிக்கிறவன்தான் வூட்டுக்குப் பெரியவன்” என்றார் சபாபதி. புரிந்துகொண்டுவிட்டார்.

லேப்டாப்பைத் திறந்து பட்டியலைப் பார்த்த சுகாசினி நிமிர்ந்தாள்.

“கீர்த்தி, நூறுல ‘தினா’ன்னு ஒண்ணு நிக்குது.”

எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியும். அந்த வீட்டில் தறியைக் காலியாக விடுவதில்லை. சேலை முடிந்ததும் பழைய பாவு நூலின் நுனியை அறுத்தெறியாமல், புதுப் பாவை அதோடு இழை இழையாகப் பிணைப்பார்கள். சர்வரையும் அப்படியே பிணைக்கச் சொன்னார் சபாபதி. போன தடவை சுகாசினி புதிதாகக் கட்டினாள், திருட்டுப் போனது. என் பையன் இருந்தவரைக்கும் ஒரு டிசைன் வெளிய போனதில்ல, அவன் கட்டினதோட பிணைச்சி எடும்மா என்றார். மகனை இழந்தவரிடம் எந்தப் பொறியாளர் வாதாடுவார்? பழைய சர்வரை அப்படியே நகல் எடுத்தாள். செத்தவனின் ரூலும் கூடவே வந்துவிட்டது.

கீர்த்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “அது அண்ணன் காலத்து ரூல். ஒரு இன்டர்நெட் அட்ரஸ் மட்டும் உள்ள வரக்கூடாதுன்னு வெச்சிருக்காரு. ஏதோ சண்டை. இப்ப அது நம்ம கடைதான், போன வருஷம் நான் குடுத்த கடை லிஸ்ட்ல கூட இருக்குது பாரு.”

இருந்தது. டிசைன்களை எடுத்துப் பார்க்க அனுமதித்த கடைகளில் அந்த அட்ரஸும் ஒன்று. சுகாசினி தன் கையாலேயே அதைச் சேர்த்திருக்கிறாள்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாமயா? நான் சொல்லிட்டேன். அழிச்சிடு, பாவம், அவங்க காத்துக்கினு இருக்காங்க.”

சுகாசினி அழித்தாள்.

கீழே, தறி ஒரே ஒரு அடி அடித்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பூனை” என்றாள் கீர்த்தி.

தறிப் பலகையை இழுத்து அடிக்கிற பூனையை சுகாசினி பார்த்ததில்லை. இருந்தாலும் பகல் வேளையில் சிநேகிதி பக்கத்தில் இருக்கும்போது இதற்கெல்லாம் பயப்படுவதா என்று திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

நூறாம் நம்பரில் ‘தினா’ நின்றது.

உருவாக்கியவர் பெயரும் பக்கத்தில் இருந்தது. தினகரன். இப்போதுதான், இந்த நிமிடம்.

“அவரோட ஐடியே கெடையாதேடி. நான் வந்த மாசமே எடுத்துட்டேன்.”

“பழைய மிஷின்ல ஏதாச்சும் தானா ஓடிக்கினு இருக்கும். திரும்ப அழி.” என்றாள் கீர்த்தி.

அழித்தாள்.

கீழே இரண்டு அடி. நடுவில் மிதி இறங்கும் முனகல். அந்தத் தறியின் மிதிக்கட்டை தினகரன் நெய்த காலத்திலிருந்தே அப்படித்தான் முனகும்.

கரண்ட் போனது.

இன்வெர்ட்டரில் மோடம் மட்டும் பச்சையாக மினுக்கியது. திரை வெளிச்சத்தில் கீர்த்தியின் முகம் வேர்த்திருந்தது. பாசி வாடை மெதுவாகப் படியேறி அறைக்குள் வந்தது. நூறாம் நம்பரில் ‘தினா’ திரும்பவும் நின்றது.

“நான் போய்ப் பார்க்கிறேன்” என்று சுகாசினி எழுந்தாள்.

“போவாத.”

“யாராச்சும் உள்ள வந்திருந்தா?”

கீர்த்தி லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கூடவே வருவாள் என்று எதிர்பார்த்துப் படியில் ஒருகணம் நின்ற சுகாசினி, பிறகு போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கினாள்.

கூடத்தில் யாரும் இல்லை. தெருக்கதவு தாழிட்டபடி இருந்தது. தினகரன் தறியில் பாவு விறைப்பாக நின்றது. அவள் பள்ளத்துக்குள் வெளிச்சத்தை இறக்கினாள். முக்கால் பள்ளம் தண்ணீர்.

தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது.

யாரோ அதற்குள் தொங்கவிட்டிருந்த கால்களை இப்போதுதான் வெளியே எடுத்தது போல.

பள்ளத்தின் விளிம்பிலிருந்து மாடிப்படி வரை தரை நனைந்திருந்தது. அவள் அந்தப் படியில்தான் இறங்கி வந்தாள். வரும்போது அது காய்ந்திருந்தது.

அலறத் தோன்றவில்லை. கீர்த்தி மேலே தனியாக இருக்கிறாளே என்றுதான் தோன்றியது. சத்தம் போடாமல், சுவரை ஒட்டிக்கொண்டு மேலே ஏறினாள். அறைவாசலில் நின்றுவிட்டாள்.

கீர்த்தி சுகாசினியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் லேப்டாப்பில், அவள் திறந்து வைத்துவிட்டுப் போன லாகினில், நூறாம் நம்பரை அழித்துக்கொண்டிருந்தாள். அழிப்பாள், கோப்புகள் வெளியே ஓடத் தொடங்கும், ரூல் திரும்பி வந்து நிற்கும், ஓட்டம் அறுபடும். உடனே மறுபடி அழிப்பாள். திரையில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன டிசைன்கள். காதில் போன்.

“கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். வந்தவரைக்கும் எடுத்துக்குங்க” என்று கிசுகிசுத்தாள்.

சுகாசினிக்கு உடம்பு குளிர்ந்துபோனது. கீழே பார்த்ததற்கு அப்படி ஆகவில்லை.

“கீர்த்தி.”

போன் கீழே விழுந்தது.

“அந்தக் கடை யாருது?”

கீர்த்தி குனிந்து போனை எடுத்து அணைத்தாள்.

“ஆவணில போனதும் அங்கதானா? உன் லிஸ்ட்ட நம்பி என் கையாலதான தெறந்து உட்டேன். இன்னிக்கும் என் கையாலதான. உன் ஐடில அழிச்சா உன் பேரு அப்பாவுக்குப் போயிடும், நான்தான உன்கிட்ட சொன்னேன். அதுக்குத்தான என்ன மழையில வரவெச்ச?”

“சுகா, கேளு. அவங்க எனக்குப் பங்கு தரேன்னாங்க. இந்த வூட்ல எனக்குன்னு என்னா இருக்குது சொல்லு? அண்ணன் இருந்தா அண்ணன், இல்லன்னா அப்பா.”

“என்ன ஏன்டி இழுத்த?”

கீர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

“ஊர்ல ஏற்கெனவே உன்னத்தான சொல்லிக்கினு இருக்காங்க. புதுசா உனக்கு ஒண்ணும் ஆயிடாதுன்னு நெனச்சேன்.”

ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட வாய் அது. ஊர் சொன்னபோது சுகாசினிக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, பதில் வந்தது. இப்போது ஒன்றும் வரவில்லை. தன்னை இத்தனை வருஷமாகத் தங்கையைப் போல என்று சொன்னவள், ஊர் கண்ணாடியைத்தான் எப்போதும் போட்டிருந்தாள் என்று மட்டும் புரிந்தது. அவ்வளவுதான்.

திரையில் ‘தினா’ திரும்ப வந்து நின்றது. இந்தத் தடவை கீர்த்தி தொடவில்லை.

கீழே தறி ஓடத் தொடங்கியது.

ஒன்றிரண்டு அடி இல்லை. முறையாக, நிதானமாக, நல்ல நெசவுக்காரன் நெய்வதுபோல் ஓடியது.

பிறகு நின்றது.

படியில் ஈரக்கால் வைக்கும் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. அவசரமே இல்லை.

கீர்த்தி சுகாசினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை உதறச் சுகாசினிக்கு மனம் வரவில்லை, அதற்காகப் பிறகு தன்னையே நொந்துகொண்டாள்.

சத்தம் அறைவாசலுக்கு வந்து நின்றது. அங்கே யாரும் இல்லை. நிலைப்படிக்கு இந்தப் பக்கம், காய்ந்த சிமென்ட் தரையில், ஈரம் மெல்லப் பரவிக்கொண்டு வந்தது.

“அண்ணா” என்றாள் கீர்த்தி. பல் தந்தியடித்தது. “சுகா, அவருக்கு அப்பவே தெரியும்டி. நான் அவங்களுக்குக் குடுக்கப் பார்த்தத உயிரோட இருக்கும்போதே கண்டுபுடிச்சிட்டாரு. அப்பாகிட்ட சொல்லல. அந்த அட்ரஸ அடைச்சிட்டு, இது இதோட போவட்டும், வூட்டு மானம் வாசப்படி தாண்டக் கூடாதுன்னாரு.” வாசலைப் பார்த்துக் கும்பிட்டாள். “சொல்லிடறேண்ணா. அப்பா வந்ததும் எல்லாத்தையும் நானே சொல்லிடறேன்.”

ஈரம் பரவுவது நின்றது. கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் எல்லாம் ஒரு சாதாரண மழைநாள் போல ஆகிவிட்டது.

சுகாசினி சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். கீர்த்திக்காக இல்லை. தினா அண்ணா வந்துவிட்டார் என்று நினைத்து அழுதாள். உயிரோடிருப்பவர்களில் உண்மை தெரிந்து தனக்காக நிற்க ஒருவர் இல்லாதபோது, செத்துப்போனவர் ஏரியிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றிருக்கிறார். பயம்கூடக் கொஞ்சம் விட்டது. நன்றிண்ணா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தெருக்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கீர்த்திதான் ஓடிப்போய்த் திறந்தாள். சபாபதி நனைந்த வேட்டியோடு நேராக மாடிக்கு வந்தார். பின்னாலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி இந்திராணி. விபூதி கரைந்து சபாபதியின் நெற்றியில் வழிந்திருந்தது. கையில் போனை நீட்டினார்.

“மாகறல்ல இருந்து வரவரைக்கும் அடிச்சிக்கினே இருக்குதும்மா. என் பையன் வெச்ச நூறாம் நம்பர யாரோ எடுத்துக்கினே இருக்காங்க, டிசைன் போய்க்கினே இருக்குது. பேரு போட்டிருக்குது.” விரலால் தொட்டுக் காட்டினார். “உன் பேரு.”

சுகாசினி கீர்த்தியைப் பார்த்தாள்.

கீர்த்தி முன்னால் வந்தாள். முகம் வெளிறியிருந்தாலும் தயாராகத்தான் இருந்தாள். “அப்பா” என்றாள். அது நன்றாகக் கேட்டது.

அதற்கப்புறம் உதடுகள் அசைந்தன.

சத்தம் வரவில்லை.

வேகமாக, கை ஆட்டி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் பேசினாள். மின்விசிறி சுற்றுவது கேட்டது. மழை கேட்டது. அவள் குரல் கேட்கவில்லை.

“என்னாடி, தொண்ட கட்டிக்கிச்சா?” என்றாள் இந்திராணி. “இரு, வெந்நீர் வெக்கிறேன்.”

“வெந்நீர் வேணாம்மா” என்றாள் கீர்த்தி. தெளிவாகக் கேட்டது. அவளே திடுக்கிட்டாள். மறுபடி அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஒன்றும் இல்லை.

சுகாசினியின் பார்வை லேப்டாப்புக்குப் போனது. நூறாம் நம்பருக்குக் கீழே ஒரு புது வரி இருந்தது. நூற்றொன்று. யார்: கீர்த்தி. எங்கே: எல்லா இடமும். வாசல் என்ற கட்டத்தில், எந்தப் படிப்பிலும் எந்த வேலையிலும் அவள் பார்த்திராத ஓர் எண். அனுமதி இல்லை. உருவாக்கியவர், தினகரன்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தினா அண்ணா காவல் காக்க வந்தது உண்மைதான். அவர் எதைக் காக்க வந்தார் என்பதை அவள்தான் தன் இஷ்டத்துக்கு நினைத்துக்கொண்டாள். கீர்த்தி சற்றுமுன் அதைச் சொன்னாள்கூட. வீட்டு மானம். அந்த வீட்டில் இவள் இல்லை. பாப்பா என்று கூப்பிட்ட அந்த வாய்க்கும் இவள் வெளியாள்தான்.

சபாபதி அவள் எதிரில் வந்து நின்றார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கெஞ்சினார்.

“நான் இந்த போன நம்பலம்மா. ஊர நம்பல. நீ இல்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. போதும். நாளைக்கு சங்கத்துல நான் பார்த்துக்கிறேன்.”

அவர் தோளுக்குப் பின்னால் திரையில் இன்னொரு வரி வந்தது. நூற்றிரண்டு. அவள் பெயர்.

“நான் இல்லப்பா” என்றாள் சுகாசினி.

நாக்கு அசைந்தது, மூச்சு வெளியே போனது. அவள் காதுக்கே ஒன்றும் எட்டவில்லை. தலையை ஆட்டப் பார்த்தாள். கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த, ஈரமான ஏதோ ஒன்று, மெதுவாக, அன்பாகக்கூட, தலையைப் பிடித்துக்கொண்டது.

சபாபதி காத்திருந்தார். நிறைய நேரம் காத்திருந்தார், அதை அவளால் மறுக்க முடியாது. பிறகு கண்ணாடியைக் கழற்றி ஈர வேட்டியில் துடைத்தார்.

“சரிம்மா” என்றார். “நீ கெளம்பு.”

கத்திக்கொண்டே படியிறங்கினாள். கீர்த்திதான், உங்க பொண்ணுதான், உங்க பையனுக்கும் தெரியும் என்று தொண்டை கிழியக் கத்தினாள். மேலே இந்திராணி ஏதோ விசாரிப்பதும் சபாபதி பதில் சொல்லாததும் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டன. அவள் கத்துவது யாருக்கும் கேட்கவில்லை.

தெருவில் இருட்டியிருந்தது. முழங்கால் தண்ணீரில் செருப்பில்லாமல் நடந்து முனைக்கு வந்தாள். போனை எடுத்து அம்மாவுக்கு நடந்ததை எழுதி அனுப்பினாள். போகவில்லை. திரும்ப அனுப்பினாள். போகவில்லை. ‘வந்துக்கினு இருக்கேன்’ என்று மட்டும் அனுப்பிப் பார்த்தாள். உடனே போனது.

ஆட்டோ ஒன்று நின்றது.

“எங்கம்மா போவணும்?”

“முசரவாக்கம்.”

“ஏறு.”

குரல் இருக்கிறது. வெளியே வந்துவிட்டோம், அந்த வீட்டோடு அது போயிற்று என்று அவளுக்கு உயிர் வந்தது. வண்டி சங்கர மடம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு முன்னால் குனிந்து, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம், யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பில், நான் திருடல அண்ணா என்றாள்.

ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தார். 

“இன்னாமா, வாய அசைக்கிற, சத்தமே வரல” என்றார். “பக்கத்துல நனைஞ்சிபோயி ஒக்காந்திருக்காரே, அவருக்காச்சும் கேக்குதா?”